முன்பணத்திற்கு ஈடான பிள்ளைகள்

பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்குப் பிள்ளையின் உழைப்பை அடமானமாக வைக்கும் வழக்கத்தை, அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை எனத் தொலைதூர இடங்களிலெல்லாம் கண்டதாக விட்லி ஆணையம் 1931இல் அறிவித்தது. அதன் விளைவே 1933ஆம் ஆண்டின் குழந்தை உழைப்பு அடமானச் சட்டம். 15 வயது நிரம்பாதோரை ஈடாக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அது. அபராதமோ பெற்றோருக்கு 50 ரூபாய், முதலாளிக்கு 200 ரூபாய் வரைதான் இருந்தது, சிறை இருக்கவில்லை. நியாயமான கூலியும் ஒரு வார அறிவிப்பில் விலகும் உரிமையும் இருப்பின் அது அடமானமாகாது என்றொரு விலக்கும் இருந்தது. கடன்பட்ட வீட்டுப் பிள்ளை யாரிடம் போய் அறிவிப்புக் கொடுக்கும்?

நெல்லைச் சீமையில் சிக்கல் வேறு வகையானது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுவது பெரும்பாலும் வீடுகளில். தாய் சுளகை மடியில் வைத்து இலையைச் சுருட்ட, பிள்ளை முனை மடித்து நூல் கட்டும். 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்கூடங்களிலிருந்தே விலக்கியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் பீடித் தொழிலைத் தடைப்பட்டியலில் சேர்த்தும், குடும்பத்தார் துணையுடன் நடப்பதை விட்டுவைத்தது. திண்ணை சட்டத்துக்கு வெளியே நின்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தந்தான் அபாயத் தொழில்களுக்குக் குடும்ப விலக்கை மறுத்து, பிள்ளைகளை வேலைக்கு வைப்போருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்றாக்கியது. கூலியோ இன்றும் 1000 பீடிக்கு இவ்வளவு என்பதே. எத்தனை கைகள் சுற்றின என்று ஏஜென்ட் கேட்பதில்லை.