சுத்தியலைப் பற்றிக் கேட்கும் படிப்பு

ஓசூர் சிப்காட்டில் லேத், கிரைண்டிங் வேலை பார்ப்பவர்களிடம் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் பவர், கண்ணாடி எல்லாம் பின்னால்தான் வரும். முதலில் வருவது ‘தூள்’. தூள் விழுந்தால் பக்கத்து மிஷின்காரர் இமையைப் புரட்டித் துணி முனையால் எடுத்துவிடுவார். ஷிப்ட் முடிந்து போகும் வழியில் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து. பெரும்பாலும் அதோடு சரியாகியும் விடுகிறது. சரியாகாத அந்தச் சிலரை முதலில் பார்ப்பவர் யார், அவர் எப்படிப் பயில வேண்டும் என்பதுதான் இங்கே என் கவலை.

நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, தமிழகத்துக்குள் நுழைந்ததும் தேங்கும் முதல் அணை ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி. பெங்களூரின் கழிவும் அதே ஆற்றில் வருவதால், மழைக்காலத்தில் அணையில் நுரை பொங்கிச் செய்தியாவது பலருக்கும் தெரியும். ஒரு பக்கம் தக்காளி, முட்டைக்கோஸ், பசுமைக்குடில் ரோஜா. மறுபக்கம் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன், அவற்றைச் சுற்றிய நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கிரானைட் குவாரிகள். இரும்பு, கல், இலை மூன்றும் இங்கே கண்ணில் விழும். நோயாளி தெலுங்கில் தொடங்கி, கன்னடத்தில் வலியைச் சொல்லி, தமிழில் மருந்து கேட்பார். அவர் முதலில் ஏறும் படி பெரும்பாலும் கண்ணாடிக் கடையின் படிதான். அங்கே இருப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதுபவர்.

ஓர் இளைஞர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண் லேசாகச் சிவந்திருக்கிறது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசித்துவிடுகிறார். பவர் மட்டும் பார்க்கத் தெரிந்தவர் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார். நோய் பார்க்கப் பயின்றவர் இன்னொரு கேள்வி கேட்பார்: ‘தூள் விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீங்க தம்பி? சுத்தியலால எதையாவது அடிச்சீங்களா?’ கிரைண்டரில் தெறிக்கும் தூள் சூடாக வந்து கருவிழியின் மேலே ஒட்டிக்கொண்டு துருவளையம் விடும், வலியும் அதிகம். இரும்பை இரும்பால் அடிக்கும்போது தெறிக்கும் சில்லோ வேறு வகை. கூராக, வேகமாகக் கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும். துளை தானே மூடிக்கொள்ளும். வலி குறைவு, பார்வையும் தெளிவு. உள்ளே போன இரும்பு மாதக்கணக்கில் கரைந்து விழித்திரையைக் கெடுக்கும். இரவுப் பார்வை மங்கும், கருமணியைச் சுற்றிய நிறமே துருவேறி மாறும். ஆகவே ஸ்லிட் லாம்பில் தேட வேண்டியது கருவிழியில் ஒரு மெல்லிய கீறலை, ஒரு பக்கம் இழுபட்ட கருமணியை, அதைச் சுற்றிய ஐரிஸில் ஊசிமுனை அளவு ஓட்டையை. கண்ணை அழுத்தக் கூடாது. எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுக்கலாம், எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது, காந்தம் உள்ளிருக்கும் இரும்பை அசைத்துவிடும். மேலே அழுத்தாத ஒரு கவசம் வைத்து அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இத்தனையும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். சிவந்த கண் நாற்பது வரிசையில் காத்திருக்கும் ஒரு காலைப் பொழுதில் அந்தக் கேள்வி தானாக வாயில் வர வேண்டுமே, அதற்குத்தான் பயிற்சி.

இலையின் கதையும் அப்படியே. மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 11 பேருக்கு வருகிறது என்று அரவிந்த் மருத்துவமனையின் ஆய்வு 1990களில் கணக்கிட்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கு. நம் பக்கத்துப் புண்களில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் வருபவை. பயிரோ மண்ணோ கீறியதில் தொடங்குபவை. மருந்துக்கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு சிவப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். புண்ணின் விளிம்பு இறகுபோல் பிசிறாக இருக்கிறதா என்று பார்க்கக் கண் பழக வேண்டும். சுரண்டி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது அடுத்த படி.

அமெரிக்காவில் கண்ணுக்கு வேண்டிய இந்தப் பழக்கத்துக்கென்றே, பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துப் பயிலும் ஓராண்டு ரெசிடென்சி இருக்கிறது. அங்கேயும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் நீண்ட காலம் கண்ணாடி எழுதுபவர்களாகவே இருந்தார்கள். சொட்டு மருந்தைத் தொடச் சட்டம் விடவில்லை. 1971இல் ரோட் தீவு மாநிலம் பரிசோதனைக்கான சொட்டுகளை அனுமதித்தது. 1976இல் மேற்கு வர்ஜீனியா சிகிச்சை மருந்துகளையும் அனுமதித்தது. அதே எழுபதுகளில்தான் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கான ரெசிடென்சி முளைத்தது. உரிமையும் பயிற்சியும் கைகோத்து வந்தன. ஒன்று முந்தி ஒன்று பிந்தியிருந்தால் வம்புதான்.

நம்மிடம் மருத்துவமனைக் கல்வி புதிதல்ல. சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு அங்கே பணியாற்றிய மருத்துவர் எலியட் செய்த அறுவை முறை 1909இல் அங்கிருந்துதான் உலகுக்குப் போனது. ஆப்டோமெட்ரிக்கு வருவோம். சங்கர நேத்ராலயாவை 1978இல் தொடங்கிய டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் காலத்திலேயே, 1985இல், சென்னையில் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி பிறந்தது. நான்காண்டுப் பட்டம், கடைசி ஆண்டு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். கல்லூரியை மருத்துவமனையின் மடியிலேயே வைத்தது அதன் பெரிய நன்மை. ஐதராபாத் எல். வி. பிரசாத் கண் நிறுவனத்தில் பட்டத்துக்குப் பிந்தைய ஃபெலோஷிப்பும் உண்டு. அரவிந்த் வேறு வழி போனது: கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, பார்வை மையங்களில் அமர்த்தி, தொலைத்தொடர்பில் மருத்துவரோடு இணைத்தது. 2021இன் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தொழிலுக்கு அடையாளம் கிடைத்தாயிற்று.

இன்டர்ன்ஷிப் இருக்க ரெசிடென்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இன்டர்ன் பிரிவு பிரிவாகச் சுற்றுபவர். திங்கட்கிழமை ஒரு கருவிழிப் புண்ணைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை அது ஆறியதா, துளைத்ததா என்று பார்க்க அவர் அங்கே இருப்பதில்லை, கான்டாக்ட் லென்ஸ் பிரிவுக்குப் போயிருப்பார். ரெசிடென்சியின் உயிர், என் கணக்கில், அதே நோயாளியை மறுபடி பார்ப்பதில் இருக்கிறது. மூத்த மருத்துவர் வருமுன் ‘இது பூஞ்சை’ என்று தன் கையால் எழுதி வைக்க வேண்டும். பிறகு அவர் பார்ப்பார், ஆய்வக முடிவு வரும், பத்தாம் நாள் நோயாளியும் வருவார். தான் தவறாக எழுதிய மூன்று நோயாளிகளின் முகம் எந்த விரிவுரையைவிடவும் நினைவில் நிற்கும். கிளாக்கோமாவும் இப்படியே. சென்னை கிளாக்கோமா ஆய்வில் கண்டறியப்பட்டவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. நரம்புக் குழி பெரிதாகத் தெரிகிறது, சந்தேகம் என்று எழுதிவிட்டு, அடுத்த ஆண்டின் பார்வைப்புலச் சோதனையையும் தானே பார்த்தால்தான் சந்தேகம் எது, நோய் எது என்று பிடிபடும்.

கெலவரப்பள்ளிப் பக்கத்தின் குறை இங்கேதான். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். மின்டோ கண் மருத்துவமனை முதல் தனியார் மருத்துவமனைகள் வரை நல்ல இடங்கள். நோயாளி அங்கே போவது சரியே. ஆனால் போனவர் அனுப்பியவரிடம் திரும்பி வருவதில்லை. ஓசூரில் முதலில் பார்த்த ஆப்டோமெட்ரிஸ்ட் தான் கண்டது சரியா தவறா என்று தெரியாமலேயே இருபது வருடம் தொழில் செய்கிறார். அனுபவம் ஏறுவதாக அவரும் நினைத்துக்கொள்கிறார், நாமும் நினைத்துக்கொள்கிறோம். விடை வராத பரீட்சையை ஆயிரம் முறை எழுதினாலும் அது படிப்பாகுமா?

ஆகவே இதைப் படிக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்குச் சொல்வேன்: இரும்பும் கல்லும் இலையும் விழுகிற இந்த ஊரிலேயே ரெசிடென்சி தொடங்குங்கள். இரண்டு இடம் போதும், ஓராண்டு, மாதச் சம்பளத்தோடு. தங்க அறை கொடுங்கள். இரவு ஷிப்டில் அடிபட்டு வருபவரை அவர்களும் பார்க்கட்டும். தமிழ் மட்டும் தெரிந்தவராக இருந்தால் தெலுங்கும் கன்னடமும் காதில் விழவிடுங்கள், ஆறு மாதத்தில் வந்துவிடும்.

பெங்களூரு மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓசூரிலிருந்து சீட்டோடு வரும் நோயாளியைத் திருப்பி அனுப்பும்போது, நீங்கள் கண்டது என்ன என்று அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.