கலியாணப் பதிவில் யாருக்குப் பின்னால் யார்?

ஊர்காவற்றுறையில் இருந்து எழுவைதீவுக்குப் போகிற படகில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது. எங்கட பீடத்துத் தோழி ஒருத்திக்கு அந்தத் தீவுதான் ஊர். கொரியாக்காரர் ஒருவரைக் கலியாணம் முடிக்கிற யோசனையில் இருக்கிறா. "பேப்பர் வேலையை எப்பிடியும் முடிச்சிடலாம். அம்மா சீதனமா எழுதித் தரப்போற பனங்காணி என்னவாகும்? பிள்ளை பிறந்தா அது எந்த நாட்டுப் பிள்ளை?" என்று கேட்டா. எங்களிட்டப் பதில் இல்லை. திரும்பி வந்து சட்டங்களைப் புரட்டினோம்.

முதலில் பிள்ளை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே சட்டம் வெளிநாட்டவரை மணந்த இலங்கைப் பெண்களின் பிள்ளைகளையும் வெளியில் விட்டதைப் பற்றி நாங்கள் கதைக்கிறது குறைவு. பிரஜாவுரிமை தகப்பன் வழியில்தான் வரும். பெற்றோர் சட்டப்படி மணம் முடிக்காமல் பிறந்த பிள்ளைக்கு மட்டும் தாய் வழியில் வரலாம். அதாவது, முறைப்படி கலியாணம் எழுதிய தாய்க்குத்தான் அந்த உரிமை இல்லை! 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரும்வரை, 55 வருஷம், நிலைமை இதுதான்.

கொரியாவிலும் 1998 யூன் வரை பிள்ளைக்குத் தகப்பனின் நாடுதான். கொரியரை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு உடனே அந்நாட்டுக் குடியுரிமை வந்தது. கொரியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு வரவில்லை. மொழி வேறு, கடல் வேறு, கணக்கு ஒன்று. இப்போது இருபாலாருக்கும் ஒரே விதி: மணம் முடித்து அங்கே இரண்டு வருஷம் வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம்.

இனிக் காணி. எங்கள் தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தார்கள். 1911இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தேசவழமைக்கு உட்பட்ட பெண், அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்தக் கலியாணம் நிலைக்கும்வரை அவ தேசவழமைக்கு வெளியே. கொரியப் பெண் ஒருத்தி எழுவைதீவுப் பெடியனைக் கட்டினால் தேசவழமைக்கு உள்ளே. எந்தப் பக்கம் பார்த்தாலும் மனைவிதான் கணவனின் சட்டத்துக்கு மாறுகிறா.

கொரியாவிலும் இதேமாதிரி ஒன்று இருந்தது. ஹோஜு என்ற முறையில் குடும்பப் பதிவேட்டுக்குத் தலைவர் ஓர் ஆண். கலியாணம் முடிந்ததும் பெண்ணின் பெயர் தகப்பனின் பதிவேட்டில் இருந்து கணவனின் பதிவேட்டுக்குப் போகும். 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2008 ஜனவரி 1இல் முறையே ஒழிந்தது. இப்போது ஆளுக்கு ஆள் தனிப்பதிவு.

எங்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ நன்கொடை எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். அவர் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேணும். தேசவழமைக்கு வெளியே போன பெண்ணுக்கோ 1923இன் விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம். அதில் கணவனின் கையெழுத்துத் தேவையில்லை. கொரியாக்காரரைக் கட்டுகிற தங்கச்சி பனங்காணியைத் தன் விருப்பத்துக்கு விற்கலாம். பக்கத்து வளவுப் பெடியனைக் கட்டிய அக்கா விற்க ஏலாது.

தோழிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். காணி உன் பெயரிலேயே இருக்கும். பிள்ளை கொரியாவில் பிறந்தால் ஒரு வருஷத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பிறப்பைப் பதி. நீ கொரியக் குடியுரிமை எடுத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். அதற்கு முதலே இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பி. 1987இல் இருந்து அதற்கு வழி இருக்கிறது.

வாசித்துவிட்டு அவவின் அக்கா சிரித்தா. "அப்ப நானும் கொரியாக்காரனைத்தான் கட்டியிருக்க வேணும்."

நாங்களும் சிரித்தோம். ஆனால் அக்காவின் உறுதியில் இன்னொருவரின் கையெழுத்துக்கான இடம் 1911இல் இருந்து அப்படியேதான் இருக்கிறது. பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்த 55 வருஷம் எடுத்தது. இதற்கு நூறு தாண்டிவிட்டது.