பதினாறு பைட்டுகளில் அடங்காத முகவரி

1983-இல் வெளியான பெர்க்கிலியின் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸ், சாக்கெட் இடைமுகத்தை அறிமுகப்படுத்தியது. சி மொழியின் வாய்டு பாயின்டரை முறைப்படுத்திய ஆன்சி தரம் வந்ததோ 1989-இல். ஆகவே, எவ்வகை வலையமைப்பு முகவரியையும் பொதுவாகச் சுட்டுவதற்கு ‘சாக்அட்ர்’ என்னும் 16 பைட் கட்டமைப்பு வகுக்கப்பட்டது. 4 பைட் ஐபிவி4 முகவரிக்கு அது தாராளம்.

ஐபிவி6 கட்டமைப்போ 28 பைட். அதைப் பழைய கட்டமைப்பில் நகலெடுத்தால், முகவரியின் முதல் 8 பைட்டுகளே மிஞ்சும். வலையமைப்பு தெரியும், கணினி தெரியாது. வகைமாற்றம் செய்த நிரலைக் கம்பைலர் வழக்கமாக எச்சரிப்பதுமில்லை.

1999-இல் ஆர்எஃப்சி 2553 ‘சாக்அட்ர் ஸ்டோரேஜ்’ கட்டமைப்பை வரையறுத்தது. லினக்ஸில் அது 128 பைட். சுட்டுவதற்குப் பிறந்த பெயரைச் சேமக்கலமாகக் கொண்டதே பிழையின் வேர். சுட்டுஞ்சொல் பொருளாகாது என்பது இலக்கணத்துக்கு மட்டும் உரிய பாடமன்று.