காசு கொடுத்துப் புலி பார்ப்பது

தேனி ஜில்லாவில், சின்னமனூருக்குப் பக்கத்தில், புலிகுத்தி என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் புலிமான்கோம்பை என்று இன்னொன்று. இந்த இரண்டாவது ஊரில் 2006-ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், மாண்டவனுக்கு நட்ட கல். அந்தக் கூடலூர் நம்முடைய கம்பத்துக்கு அடுத்த கூடலூர்தானா என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தச் சீமையில் மாடு என்பது உயிரைக் கொடுக்கிற விஷயமாக இருந்திருக்கிறது. மலையடிவாரத்தில் மாடு இருந்தால் புலியும் வந்தே தீரும்.

கொங்கு நாட்டுப் பக்கம் போனால் புலிகுத்திக் கற்கள் நிறைய உண்டு. வீரன் ஒருவன் புலியின் மேல் ஆயுதத்தைச் செருகிக்கொண்டு நிற்பான். புலி பின்னங்கால்களில் எழுந்து அவன் மேல் பாய்ந்திருக்கும். யார் ஜயித்தார் என்று கேட்பது வீண். ஜயித்து வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டவனுக்கு யார் கல் நடப்போகிறார்கள்? பட்டி மாட்டைக் காப்பாற்றப் போய் விழுந்தவனுக்கு ஊரார் வைத்த கல் அது. அந்தக் காலத்தில் புலியைப் பார்த்தவனுக்குக் கல் நட்டார்கள். இந்தக் காலத்தில் புலியைப் பார்த்தவன் போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறான்.

இந்த மாறுதல் எப்போது நடந்தது? புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு புலி பார்க்கப் போவது ஏதோ வெகுகாலத்து வழக்கம் போல நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அதற்கு நூறு வயசு கூட நிரம்பவில்லை. கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரையில் அந்தக் கதை புலியில் ஆரம்பிக்கவும் இல்லை. நெல்லில் ஆரம்பிக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு பெருக்கெடுத்து ஓடி வீணே அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்தது. (‘வீணே’ என்பது நம்முடைய சொல். மலையாளக் கரையில் விசாரித்தால் வேறு சொல் சொல்வார்கள்.) இந்தப் பக்கம் மதுரைச் சீமையும் ராமநாதபுரமும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று 1789-லேயே சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்தார். பணத்துக்கு எங்கே போவது? யோசனை யோசனையாகவே நின்றது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து ஜனங்களை வாரிக்கொண்டு போன பிறகுதான் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு அவசரம் பிறந்தது. 1886-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், காலம் 999 வருஷம். 1887-ல் பென்னிகுயிக் துரை வேலையை ஆரம்பித்தார். மலைக்காய்ச்சலும் காலராவும் கூலிகளைத் தின்றன. 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு வந்து தண்ணீரைத் திறந்துவிட்டார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக மேற்கத்தி ஆறு கிழக்கே இறங்கிற்று. கம்பம் பள்ளத்தாக்கு இருபோக பூமியாயிற்று.

இது நமக்குத் தெரிந்த கதை. ஊருக்கு ஊர் பென்னிகுயிக் படம் வைத்துப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபமும் கட்டியாயிற்று. ஆனால் மலைக்கு மேலே என்ன நடந்தது என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. அங்கே ஒரு பள்ளத்தாக்கு முழுகிப் போயிற்று. குன்றுகள் தீவுகளாயின. நின்ற மரங்கள் நின்றபடியே தண்ணீரில் செத்தன. நூற்றிருபத்தைந்து வருஷம் கடந்தும் அவற்றின் கரிய அடிமரங்கள் ஏரியின் நடுவே நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து சிறகை உலர்த்துகின்றன. ஏரி வந்ததும் அதைச் சுற்றியிருந்த காட்டைக் காப்பாற்ற வேண்டிய அவசியமும் வந்தது. காடு போனால் மண் சரியும். மண் சரிந்தால் ஏரி தூர்ந்து போகும். 1899-ல் அது ஒதுக்கப்பட்ட காடாயிற்று. நம் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்று செய்த ஏற்பாட்டில் புலிக்கு ஒரு வீடு மிச்சமாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். 

ஏனென்றால் புலியைக் காப்பாற்றும் உத்தேசம் அன்று ஒருவருக்கும் கிடையாது. அது வெகுமதி கொடுத்துக் கொல்லச் சொல்ல வேண்டிய ஜந்து. தலையைக் கொண்டுவந்து காட்டினால் கஜானாவில் ரூபாய் கிடைக்கும். துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் ரூபாய் வேண்டாம். செத்த புலியின் மேல் ஒரு காலை வைத்துப் படம் பிடித்துக்கொண்டால் போதும். 

திருவிதாங்கூரில்தான் முதலில் மனசு மாறிற்று. 1933-ல் ராபின்சன் என்ற துரையை வேட்டைப் பிராணிகளின் காவல் அதிகாரியாக நியமித்தார்கள். 1934-ல் ஏரியைச் சுற்றியிருந்த காடு நெல்லிக்காம்பட்டி சரணாலயம் ஆயிற்று. அப்போது பட்டத்தில் இருந்தவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. 1936-ல் கோயில் கதவுகளை எல்லாருக்கும் திறந்துவிட்டார் என்று சரித்திரத்தில் பேர் வாங்கினாரே, அவரேதான். கோயிலைத் திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னதாகத் துப்பாக்கிக்குக் காட்டை மூடினார். இரண்டில் எது கடினம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏரிக்கரையில் எடப்பாளையத்தில் அவர் கோடைக்குத் தங்கிய மாளிகை பிற்காலத்தில் ஹோட்டலாகிவிட்டது. ராஜா ஜன்னலிலிருந்து யானை பார்த்த இடத்தில் வாடகை கொடுத்து யாரும் யானை பார்க்கலாம்.

1950-ல் சரணாலயம் விரிந்தது. 1956-ல் மொழிவாரியாக எல்லை பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழர்களின் கிளர்ச்சியை மீறிக் கேரளத்தோடு போயின. தேக்கடியும் போயிற்று. தண்ணீர் நமக்கு, காடு அவர்களுக்கு! நாடு முழுவதும் புலி வேட்டை நின்றது 1970-ல். வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-ல். அந்த வருஷம் புலிகளை எண்ணிப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். தேசம் பூராவும் 1,827. மறுவருஷம் ஒன்பது காப்பகங்களோடு புலித் திட்டம் பிறந்தது. 1978-ல் பெரியாறும் அதில் சேர்ந்தது.

என் மனைவியின் ஊர் காமயகவுண்டன்பட்டி. சுருளி அருவிக்குப் போகிற பாதையில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கிற ஊர். அங்கேயிருந்து தேக்கடி கூப்பிடு தூரம் என்று சொல்வார்கள். ஒரு கோடை லீவில் பதினோரு பேர் ஒரு வேனில் கிளம்பினோம். காரணம், என் மைத்துனர் மகள். எட்டு வயசு. பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் தேசிய விலங்கைப் படித்துவிட்டு, அதை நேரில் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கூட வந்தவர்களில் முக்கியமானவர் என் பெரிய மாமனார். எண்பதுக்கு மேல் பிராயம். நாற்பது வருஷம் மலைமாடு மேய்த்தவர். கம்பம் பக்கத்து மலைமாடு வீட்டில் கட்டித் தீனி போடுகிற மாடல்ல. பட்டி பட்டியாக மலையேறி மேயும், இறங்கி வயலில் கிடை கிடந்து உரம் தரும். மாட்டையே தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருப்பதும் கம்பத்தில்தான். 

படகு டிக்கெட்டுக்காக வரிசையில் நின்றோம். பணம் எவ்வளவு என்று கேட்டார் மாமனார். சொன்னேன். அவர் சிரித்தார்.

“புலி பாக்கக் காசு குடுக்கோம், மாப்பிள்ளை! எங்க அய்யா காலத்துல, புலி வந்துரக் கூடாதுன்னு சாமிக்குக் காசு முடிஞ்சு வைப்பாக.”

படகில் எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார்கள். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி ‘ஜலகன்னிகா’ என்ற படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிருகத்தைப் பார்க்க ஜனங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அதை நினைத்துக்கொண்டு நான் பெஞ்சியின் நடுவில் உட்கார்ந்தேன். யானைக் கூட்டம் ஒன்று கரையில் புல் மேய்ந்தது. காட்டெருமைகளையும் மிளாக்களையும் பார்த்தோம். நீர்நாய்கள் மீனோடு விளையாடின. புலி இல்லை. குழந்தை ஒவ்வொரு புதராகப் பார்த்தாள். அவள் முகம் வாடுவதைக் காணப் பொறுக்காமல் என் மனைவி ஒரு பழுத்த மூங்கில் புதரைக் காட்டி, “அதோ வால்!” என்றாள். மாமனார் உடனே தடுத்துவிட்டார்.

“பொய் சொல்லாத தாயி. அது நம்மளப் பாத்திருக்கும். நாம அதப் பாக்கணும்னு சட்டமா?”

அவர் சொன்னது சரிதான். தேக்கடியில் புலியைக் கண்டவர்கள் அபூர்வம். ஐயப்பன் புலிப்பால் கொண்டுவந்த கதையைக் கேட்டு வளர்ந்த லட்சக்கணக்கான பக்தர்கள் கார்த்திகையிலும் மார்கழியிலும் போய்ச் சேருகிற சபரிமலை இந்தப் புலிக்காட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. சரணம் சொல்லிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் ஐயப்பனின் வாகனத்தைப் பார்த்திருப்பார்கள்? காவல்காரர்களே கண்ணால் பார்த்துப் புலியை எண்ணுவதில்லை. முன்பெல்லாம் மண்ணில் பதிந்த காலடியைச் சாந்து வார்த்து எடுத்து எண்ணினார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு லட்சணமாக இருந்தது என்பது 2005-ல் வெளிச்சமாயிற்று. ராஜஸ்தானத்தில் சாரிஸ்கா காப்பகத்தில் காகிதத்தில் புலி இருந்தது. காட்டில் ஒன்று கூட இல்லை. பிறகு தானே படம் பிடிக்கும் காமிராக்களை மரத்தில் கட்டினார்கள். மனிதனின் கைரேகை போலப் புலிக்குப் புலி வரி வேறு. ஆகவே ஒரே புலியை இரண்டு தடவை எண்ண முடியாது. அந்தக் கணக்கில் 2006-ல் தேசத்தில் 1,411 புலி; 2022-ல் 3,682. தமிழ்நாட்டில் மட்டும் 306.

எண்ணிக்கை ஏறினதற்குச் சட்டம் மாத்திரம் காரணம் என்று நான் நம்பவில்லை. குமுளிப் பக்கத்தில் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்த இருபது சொச்சம் பேர் இருந்தார்கள். வனக் காவலர்களுக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதையெல்லாம் அவர்களுக்குத் தெரியும். 1998 வாக்கில் அவர்களை அழைத்துப் பேசி, உல்லாசப் பிரயாணிகளுக்கு வழிகாட்டவும் காட்டைக் காக்கவும் வைத்துவிட்டார்கள். திருடனைக் காவல்காரனாக்குவது நம் கதைகளில் வருகிற உத்தி. சர்க்கார் அதைச் செய்து பலன் கண்டது அதிசயம். 2002 முதல் குமுளிப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்று பேர் வைத்துக்கொண்டு, சம்பளம் வாங்காமல் முறை போட்டுக் காட்டுக்குள் ரோந்து போனார்கள்.

புலி கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. அணையின் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்தலாமா என்ற வழக்கில் கேரளத்தார் சொன்ன ஆட்சேபங்களில், காடும் அதிலுள்ள ஜீவன்களும் பாதிக்கப்படும் என்பதும் ஒன்று. சுப்ரீம் கோர்ட் 2006-ல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2014-லும் 142 அடியையே உறுதி செய்தது. ஏரி இல்லாவிட்டால் சரணாலயமே ஏற்பட்டிருக்காதே என்று எனக்குத் தோன்றிற்று. ஆனால் புலிக்குத் தண்ணீர்க் கணக்கும் தெரியாது, எல்லைக் கணக்கும் தெரியாது.

எல்லை தெரியாத பிராணிகளின் சங்கதியைக் கம்பத்துக்காரர்கள் 2023-ல் நேரிலேயே பார்த்தார்கள். கேரளத்தில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன் யானை, மலையிறங்கி மே 27-ஆம் தேதி கம்பம் வீதிகளில் நடந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. காசு கொடுத்து மலையேறிப் பார்க்கிற யானை, காசில்லாமல் வாசலுக்கு வந்தால் எத்தனை வித்தியாசம், பாருங்கள்!

இனிப் புலி பார்க்கக் குமுளி ஏற வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடுகள் புலிகள் காப்பகமாயின. தேசத்தில் 51-வது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. காமயகவுண்டன்பட்டிக்குப் பின்னால் தெரிகிற மலையே அதில் சேர்த்தி. சந்தோஷமான சேதிதான். மேகமலைக் காடு நின்றால்தான் வைகைக்கும் சுருளிக்கும் நீர் உண்டு. 1886-ல் பத்திரம் எழுதினவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் அரையும் குறையுமாகக் கண்டுகொண்டதை இந்தப் பக்கமும் கண்டுகொண்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே மலைதான் மலைமாடு மேய்ந்த மலை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மாதமே அதைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்றது. வேறு ஜில்லாக்காரர்கள் பிழைத்தார்கள். மேகமலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் லாபம் ஏது? மாடு போனால் நோய் பரவும், புல் குறையும், மான் குறையும், புலி குறையும் என்று காட்டிலாகாவினர் சொல்கிற நியாயத்தில் பிழை காண எனக்குத் தெரியாது. மலைமாடு போனால் கிடை போகும், வயலுக்கு உரம் போகும், ஒரு மாட்டு இனமே போகும் என்று கீதாரிகள் சொல்வதிலும் பிழை தெரியவில்லை.

என் பெரிய மாமனார் மாட்டை விற்றாயிற்று. அந்த நாளில் காட்டிலாகாவில் பணம் கட்டி வாங்கின மேய்ச்சல் சீட்டுகளை மட்டும், நிலத்துப் பத்திரங்களோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு சீட்டிலும் வருஷமும் மாட்டின் எண்ணிக்கையும் கட்டின தொகையும் மசியால் எழுதியிருக்கிறது.