கொலாஜின் பொருத்துவாய்: பெங்களூர்க் காட்சிக்கூடங்களை முன்வைத்து ஓர் அளவுகோல்

வெவ்வேறு நோக்கங்களுக்காக உருவான தாள், துணி, அச்சுப்படம் முதலியவற்றை வெட்டி ஒரே தளத்தில் ஒட்டி அமைக்கும் கொலாஜ், 1912இல் பாரிஸில் பிறந்ததாகவே கலை வரலாறுகள் பெரும்பாலும் எழுதுகின்றன. பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை நீள்வட்டக் கித்தானில் ஒட்டி, விளிம்பைச் சுற்றிக் கயிறு பொருத்திய பிக்காசோவின் படைப்பு அதன் தொடக்கமாகக் காட்டப்படுகிறது. ஒட்டும் வழக்கம் இந்தியாவில் முன்பே இருந்தது என்று இதற்கு மறுப்புரைப்பதும் எளிது. இவ்விரு தரப்பும் கொலாஜை வெறும் செய்முறையாகக் கொள்கின்றன. துண்டுகள் சேருமிடமாகிய பொருத்துவாயைக் கலைஞர் மறைக்கிறாரா, காட்டுகிறாரா என்பதே தகுந்த அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் ஒலியோகிராஃப்புகள், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் வண்ணக் கல்லச்சுப் படங்கள், தென்னிந்திய வீடுகளில் பூசைக்குரியனவானபோது, லட்சுமிக்கும் சரசுவதிக்கும் துணியை வெட்டிப் புடவையாக ஒட்டி, சரிகையும் சமிக்கியும் பதித்துக் கண்ணாடிச் சட்டமிடும் வழக்கம் வேரூன்றியது. துணியின் மடிப்பு அச்சிலுள்ள கோட்டைத் தழுவிச் செல்ல, முகமும் கைகளும் அச்சாகவே விடப்படும். மூர்த்திக்குச் சாத்துப்படி செய்வதற்கு நிகரான இச்செயலில் படம் உடைவதில்லை, நிறைவடைகிறது; பொருத்துவாய் தெரியாமலிருப்பதே இங்குக் கைத்திறன்.

1965இல் பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் தம் முதல் தனிக்காட்சியை நடத்திய ஓவியர் பூபேன் கக்கர், இதே வகைச் சாமி படங்களை வெட்டி ஒட்டி, மேலே தெருச் சுவர்க் கிறுக்கல்களைப் போன்ற கோடுகளை இட்டபோது, வழிபாட்டுப் படம் தன் பூசையறையிலிருந்து பெயர்க்கப்பட்டது என்பதை வெட்டு விளிம்பே அறிவித்தது. 1950களின் பிற்பகுதியில் பார்வையை இழந்த ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி, வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி அமைத்த உருவங்களிலோ அதே விளிம்பு விரலுக்குப் புலப்படும் கோடாயிற்று. ஆகவே, பொருத்துவாய் பக்தியில் மறைந்து, கக்கரிடம் விமர்சனமாகி, முகர்ஜியிடம் தொடுபுலனின் வழியாகிறது.

இவ்வேறுபாட்டைக் கண்முன் நிறுத்தும் வாய்ப்பு பெங்களூருக்கு உண்டு. கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கலை, ஒளிப்பட அருங்காட்சியகம், வெகுசன அச்சுப்படங்களையும் நவீன ஓவியங்களையும் துணிகளையும் ஒரே தொகுப்பில் வைத்திருக்கிறது. ஆயினும், பல பொருள்கள் கலந்த எதையும் ‘கலப்பு ஊடகம்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கும் காட்சிக்கூடப் பொதுவழக்கு, ஒட்டப்பட்டது நாட்காட்டியா, செய்தித்தாளா, புடவைத் துண்டா என்பதை மறைத்துவிடுகிறது. மூலங்களைப் பட்டியலிட்டால் படைப்பு ஆவணமாகச் சுருங்கிவிடும் என்ற மறுப்பு எழலாம். எனினும், துண்டு எங்கிருந்து வந்தது என்பதை அறியாத பார்வையாளருக்கு அது பெயர்க்கப்பட்டதும் தெரியாது. பெயர்ப்பு தெரியாத இடத்தில் கொலாஜ் வெறும் வண்ண அமைப்பாகவே எஞ்சும். எனவே, சமகாலக் கொலாஜ் காட்சியொன்றின் விவரச்சீட்டில் துண்டுகளின் மூலத்தைக் குறிப்பது, படைப்பைப் பார்ப்பதற்கான முதல் நிபந்தனையாகும்.