ஹனோய் இளைஞரும் அணுவிரதமும்

கல்லாவில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். நன்றாக ஓடுகிற சரக்கை எவராவது தாமாக நிறுத்துவாரா? நிறுத்தினார் ஒருவர். அந்த வரலாற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

வியட்நாமின் ஹனோய் நகரில் டோங் நுயென் என்ற இளைஞர் தனியாளாகக் கணினி நிரல் எழுதி, சிறு விளையாட்டுகளை வெளியிட்டு வந்தார். 2013 மே மாதம் 'ஃபிளாப்பி பேர்ட்' வெளிவந்தது. சில நாள் வேலைதான். திரையைத் தொட்டால் பறவை எழும்பும், விட்டால் விழும். பச்சைக் குழாய்களில் முட்டாமல் போக வேண்டும், அவ்வளவே. பல மாதம் சீந்துவாரில்லை. 2014 தொடக்கத்தில் உலகெங்கும் பரவிற்று. விளையாட்டு இலவசம், விளம்பர வருமானம் நாளொன்றுக்குச் சராசரி 50,000 டாலர் என்று அவரே சொன்னார்.

அந்தப் பிப்ரவரியிலேயே 22 மணி நேரக் கெடு சொல்லி நீக்கிவிட்டார். சட்டச் சிக்கல் ஏதுமில்லை. ஓய்வாகச் சில நிமிஷம் ஆடச் செய்தது, ஜனங்களை அடிமையாக்கிவிட்டது என்றார்.

2024-இல் அப்பெயரின் வணிகக் குறியைப் பெற்ற வேறு சிலர் மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். தமக்குச் சம்பந்தமில்லை, எதையும் விற்கவில்லை என்றார் நுயென்.

பொருளுக்கு எல்லை கட்டுவது சமண இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்களில் ஒன்று. சின்ன வயசிலேயே கேட்டவன் நான். ஆனாலும் என் கடை வாசலில் குட்கா சரம் தொங்கிற்று. நல்ல லாபம். சர்க்கார் தடை போட்ட பிறகுதான் இறக்கினேன். நுயெனுக்கு யாரும் தடை போடவில்லை.