மனைவியில்லா மனை: ஜான் டே ஊரின் கம் வா சுங்

மனையிலிருந்து மனைவி, இல்லிலிருந்து இல்லாள் எனச் சொற்கள் பிறந்த மொழி நம்முடையது. அந்த வழக்கில் நின்று பார்த்தால், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சிற்றூரான ஜான் டேயில் உள்ள கம் வா சுங் கட்டடத்தை வீடு என்று சொல்ல நா தயங்கும். பலரும் அதைக் கடை என்றும் மருந்தகம் என்றுமே அறிமுகப்படுத்துகிறார்கள். புலம்பெயர்ந்தோரின் குடும்ப வீடாகவே அதைக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

1862-இல் கேன்யன் ஓடையில் பொன் கிடைத்தது. வெள்ளையர் கழித்துப்போட்ட மண்ணையும் விடாமல் அரித்துப் பிழைக்கச் சீனர்கள் வந்தார்கள். 1885-இல் கேன்யன் சிட்டியின் சீனர் குடியிருப்பு தீக்கிரையான பின், அங்கிருந்தோர் பக்கத்திலிருந்த ஜான் டேக்கு நகர்ந்தனர். அங்கிருந்த பழைய கல் கட்டடம் ஒன்றில் 1880களின் இறுதியில் குடியேறியவர்கள் மருத்துவர் இங் ஹேயும் வணிகர் லுங் ஆனும். இருவருக்கும் சீனாவில் மனைவி மக்கள் இருந்தார்கள்.

ஏன் அழைத்துக்கொள்ளவில்லை? இங்கே சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1875-ஆம் ஆண்டின் பேஜ் சட்டம், பாலியல் தொழிலைத் தடுப்பதாகச் சொல்லிச் சீனப் பெண்கள் அனைவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. 1882-ஆம் ஆண்டின் சட்டம் சீனக் கூலிகளுக்கு வாசலை அடைத்தது. புதிதாக வரும் சீனர் நிலம் வைத்திருக்கக்கூடாது என்று ஓரிகனின் அரசமைப்பே எழுதி வைத்திருந்தது. சுரங்க ஊர்ச் சீனர்களைக் குடும்பப் பற்றற்ற தனியர்களாகக் காட்டும் வழக்கமான சித்திரம், சட்டம் செய்த பிரிவினையை அவர்களின் குணமாக்கிவிடுகிறது. இது பெரும் பிழை.

அது குடும்ப வீடாக இருந்ததற்குக் கட்டடத்தின் உட்புறமே சான்று. மூலிகைப் பெட்டிகள் அடுக்கிய அறையை ஒட்டியே அடுப்படி, வேலை தேடி வருவோர் படுக்க அடுக்குக் கட்டில்கள், சாமி மாடம். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதித் தந்ததும், வேலை பிடித்துத் தந்ததும் லுங் ஆன். ஊருக்குத் திரும்பி வரும்படி அவருடைய வீட்டார் கெஞ்சி எழுதிய கடிதங்களும் இங்கேதான் கிடைத்தன. உணவு, உறக்கம், வழிபாடு, நோய்ப் பராமரிப்பு, உறவின் செய்தி எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. குடும்பம் செய்யும் வேலை வேறென்ன?

இங் ஹேயின் கட்டிலுக்கடியில், நோயாளிகள் தந்தும் அவர் மாற்றாமல் விட்ட காசோலைகள், ஏறத்தாழ 23,000 டாலர் மதிப்புக்கு, கிடைத்த கதையைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். அது மருத்துவரின் பெருந்தன்மைக்குச் சான்று; என் வாதத்துக்கு அதைவிட அந்த அடுக்குக் கட்டில்களே முக்கியம்.

லுங் ஆன் 1940-இல் இறந்தார்; தம் உடைமையை இங் ஹேக்கு எழுதி வைத்தார். இங் ஹே 1952-இல் காலமானார். இறந்தோர் எலும்பைத் தாயகத்துக்கு அனுப்பிவைப்பது அக்காலச் சீனர் வழக்கம். ஆனால் இவ்விருவரும் ஜான் டே மண்ணிலேயே அடக்கமானார்கள்.